ஸ்டெல்லாவின் விரல்ரேகை

ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்துத்தான் நான் இந்த வேலையில் சேர்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; சுற்றி வளைத்தால் வழக்கம்போலத் தப்பித்துவிடுவேன்.

தொலைபேசி நிறுவனங்களின் கணினி அமைப்புகளில் ஓட்டை தேடுவது என் தொழில். திருடன் கண்டுபிடிப்பதற்கு முன் நாங்கள் கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு கண்ணியமாக இருக்கிறது!

படிப்பு முடிந்து சும்மா இருந்த காலம் அது. மதுராந்தகத்தில் என் சித்தப்பா சிம் கார்டு கடை வைத்திருந்தார். கடையைப் பார்த்துக்கொண்டவள் ஸ்டெல்லா, செய்யூர்ப் பக்கத்துப் பெண். அவள் அம்மா சவுக்குத் தோப்பில் கட்டை சுமப்பவர். அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் ஸ்டெல்லாதான்.

சிம் விற்கத் தொலைபேசி நிறுவனம் கடைக்குக் கொடுத்திருந்த செயலி அவள் விரல்ரேகைக்குத்தான் திறக்கும். ஒருநாள் சித்தப்பா சாப்பிடப் போயிருந்தபோது, "ஒரு பத்து நிமிஷம் தொறந்து குடு ஸ்டெல்லா, வேலை விஷயமா ஒண்ணு பாக்கணும்" என்றேன்.

"தப்பு ஒண்ணியும் இல்லியேண்ணா?"

இல்லை என்றேன். விரலை வைத்தாள்.

என் எண்ணைத் தட்டினேன். என் பெயரும் வீட்டு முகவரியும் திரையில் வந்தன. அந்தக் கடையில் நான் சிம் வாங்கியதே இல்லை, ஆனாலும் வந்தன. யார் எண்ணைத் தட்டினாலும் வரும் என்பது புரிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். சொந்த எண்ணைத் தவிர வேறொன்றைத் தொடக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் விதி.

நான் நிறுத்தவில்லை. கல்லூரியில் என்னுடன் படித்த பெண்களின் எண்களைத் தட்டினேன். ஒன்று, இரண்டு... முப்பது. ஆராய்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆராய்ச்சிக்கு ஓர் எண் போதாதா? அவர்கள் எந்தத் தெருவில் குடியிருந்தால் எனக்கென்ன?

இந்த ஓட்டையைப் பற்றித் தொலைபேசி நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பினேன். சித்தப்பாவின் கடையில் என் எண்ணை மட்டுமே சோதித்ததாக எழுதினேன். பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் காட்டியதும் சிறுசேரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் வேலை உறுதியாயிற்று.

வேலையில் சேர இன்னும் பத்து நாள். என் அறிக்கைக்குப் பிறகு கடையின் பதிவுகளைச் சோதித்த தொலைபேசி நிறுவனத்து அதிகாரி ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு பட்டியல். முப்பது பெண்களின் எண்கள்... எல்லாம் ஸ்டெல்லாவின் விரல்ரேகையில் திறந்து பார்க்கப்பட்டவை.

ரீசார்ஜ் கடைகளில் பெண்களின் எண்ணை ஆண்களுக்கு விற்கிறார்கள் என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அங்கிருந்த எல்லோருக்கும் அதுதான் தோன்றியது.

"அண்ணன்தான் சார் கேட்டாரு. வேலைக்குன்னு சொன்னாரு, தொறந்து குட்த்தேன்" என்றாள் ஸ்டெல்லா.

சித்தப்பா என்னைப் பார்த்தார். "இன்னாடா, இது சொல்றது நெஜமா?"

உண்மையைச் சொன்னால் என் அறிக்கை பொய்யாகிவிடும், வேலை போய்விடும். அவ்வளவுதான் என் மனத்தில் ஓடியது.

"என் நம்பர் மட்டும்தான் பாத்தேன் சித்தப்பா. மத்தது எனக்குத் தெரியாது."

நான் பார்த்து முடித்த பிறகு அவள்தான் மற்றதைப் பார்த்திருப்பாள் என்று நம்பினார்கள். நான் பொறியியல் படித்தவன், கடைக்காரரின் அண்ணன் மகன். அவளோ கட்டை சுமப்பவரின் மகள்! யார் பேச்சு எடுபடும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஸ்டெல்லா அழவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். 'நம்பர் வித்தவ' என்ற பெயர் ஊருக்கு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. வேறு எந்தக் கடையிலும் அவளைச் சேர்க்கவில்லை.

சில மாதங்களுக்கு முன், மாமல்லபுரம் கடற்கரை விடுதி ஒன்றில் எங்கள் நிறுவனத்தின் புதியவர்களுக்கு வகுப்பு நடந்தது. தொழில் நேர்மை பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள்... பேசினேன். கைதட்டினார்கள். இடைவேளையில் என் அறைக்குப் போனபோது, படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள் ஸ்டெல்லா.

"நல்லா கீறியா?" என்றாள். அண்ணன் என்ற சொல் போயிருந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"ஊரு பேசறத வுடு. எங்கம்மா எங்கூட பேசறதில்ல. நான் சொன்னத அதுவே நம்பல. ஒரு தபா வூட்டுக்கு வந்து அதாண்ட சொல்லிட்டுப் போ. போலீசு, கேசு ஒண்ணியும் வேணாம்."

"வரேன்" என்றேன். வழி சொன்னாள். தலையணை உறையை மாற்றிவிட்டுப் போனாள்.

இன்றுவரை நான் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகம் வரை போனேன். செய்யூர்ப் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. அந்த அம்மாவுக்குத் தெரிந்தால் சித்தப்பாவுக்குத் தெரியும், பிறகு என் நிறுவனத்துக்கும்... ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் எவ்வளவு கேவலமானவன் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவையும் எழுதிவிட்டேன். அவள் அம்மா இன்னும் அவளோடு பேசியிருக்க மாட்டார். இதிலும் அவள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். என் பெயரை எழுதவில்லை.