கம்ப்யூட்டர் தாங்காதுங்க

பிளக்ஸ் பேனர் டிசைன் செய்து பிழைக்கிறவனுக்குத் தன் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்ட சேதி கடைசியில்தான் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற கஸ்டமருக்கு முதலிலேயே தெரிந்துவிடும். எனக்குக் குமாரபாளையத்தில் கடை. கல்யாணம், காதுகுத்து, நோம்பி என்று நாங்கள் சொல்கிற கோயில் திருவிழா, துக்கம், எதுவானாலும் பேனர் உண்டு. பழசை மாற்றுவதா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதா என்று நான் பட்ட பாட்டை, இதே பாடு படுகிற புண்ணியவான்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சாமி பாதி, வட்டம் பாதி

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டிக்காரர் ஒருவர் ஸ்டிக்கர் டிசைனுக்கு வந்தார். குலதெய்வத்தின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். அவ்வளவுதான், சாமி இடுப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. திரை நடுவில் அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"இதோ ஆச்சுங்க" என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். டீ தீர்ந்தது, வட்டம் தீரவில்லை. வெளியே போய் ரெண்டு போன் பேசிவிட்டு வந்தார். சாமி இன்னும் இடுப்போடுதான் இருந்தது. மனுஷன் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க தம்பி, இது சுத்தி முடிக்கறதுக்குள்ள எங்க வண்டி தண்ணியே எடுத்திருக்குமுங்க."

வயிற்றில் பஞ்சு

சேலத்திலிருந்து அன்வர் பாய் வந்து பார்த்தார். எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். என் கடைக்கு இரு பக்கமும் தறிக்குடோன். பெட்டியைக் கழற்றினால் காற்றாடியைச் சுற்றித் தலையணைக்கு ஆகிற அளவுக்குப் பஞ்சு. அதைப் பிடுங்கிப் போட்டார், ஊதினார், துடைத்தார். ஆயுத பூஜைக்கு என் மனைவி கவிதா காற்று போகிற ஓட்டையில் அப்பியிருந்த சந்தனத்தையும் சுரண்டி எடுத்தார். பாவம், பக்தியில் வைத்தது, யாரைக் குற்றம் சொல்ல?

"பாய், உண்மையைச் சொல்லுங்க. மாத்திரலாமா?" என்று கேட்டேன். கவிதா கல்லாப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் திருப்புளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "மாத்துங்கன்னா உங்க வீட்டம்மா என்னைத் திட்டுவாங்க, வேணாம்னா நீங்க திட்டுவீங்க, எனக்கு எதுக்குங்க இந்தப் பஞ்சாயத்து?"

சொந்தக்காரர்களுக்கு ஓர் எல்லை

எங்கள் ஊர்ப் பேனரில் விசேஷக்காரரைவிடச் சொந்தக்காரர் முகங்கள்தான் அதிகம். மாமன், மச்சான், பங்காளி என்று வரிசையாக வட்ட வட்டமாகத் தலைகள். ஒருத்தர் விட்டுப்போனால் அவர் விசேஷத்துக்கு வரமாட்டார். என் கம்ப்யூட்டரோ இருபது தலைக்கு மேல் ஏற்றினால் படுத்துவிடும்.

தறி ஓட்டுகிற சரசக்கா புதுமனை புகுவிழாவுக்கு வந்தார். இந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் அக்காவின் முகம் பூரித்துவிட்டது! போன விசேஷத்தில் பந்தியில் சண்டை இழுத்த ஒரு பங்காளிக்கு அங்கேயே போன் போட்டார். "உங்க போட்டோவ எடுத்துக்கிட்டுத்தானுங்க வந்தேன், கம்ப்யூட்டரு தாங்கமாட்டீங்குது" என்று ஒரே வருத்தம். போனை என்னிடமும் நீட்டினார். நானும் "ஆமாங்க, தாங்காதுங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

பிறகு பாருங்கள், யாரையாவது கழற்றிவிட நினைக்கிறவர்கள் எல்லாம் என் கடைக்குத்தான் வந்தார்கள். எதிர்க் கடையில் புத்தம் புது மிஷின். அங்கே போனால் சாக்கு கிடைக்காது. சரசக்கா போகும்போது மானிட்டரைத் தடவிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதைய மட்டும் மாத்திப்போடாதீங்க சாமி, நல்லா இருப்பீங்க."

நோம்பி வளைவு

ஆனால் மாரியம்மன் நோம்பிக்கு எந்தச் சாக்கும் செல்லாது. வளைவு பேனர் வேலையைக் கொடுத்த ஊர்க்கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் ஒரு முறை முனகிவிட்டு அணைந்தது. போட்டால் மறுபடியும் அணைந்தது. நான் அம்மனை வேண்டிக்கொண்டேன். கமிட்டிக்காரர்கள் எதிர்க் கடையைப் பார்த்தார்கள். கவிதா எழுந்து வந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள்: "ஏனுங்க, கும்புட்டது போதுமுங்க, போயிப் புதுசு வாங்கிட்டு வாங்க."

புதுசு

வாங்கினேன். வட்டமே சுற்றாத மிஷின். எத்தனை தலை வேண்டுமானாலும் தாங்கும். நல்ல நாள் பார்த்துப் போட்ட மறுவாரம் சரசக்கா மகனின் காதுகுத்துக்குப் பேனர் போட வந்தார். புதுசைப் பார்த்ததும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய அண்ணன் நல்லசாமிக்கும் தம்பி குமாருக்கும் கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லை. அவன் மூஞ்சி பேனரில் இருந்தால் மண்டபத்துப் படி ஏறமாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவர் மட்டும் இருந்தால் தம்பி வரமாட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பையனுக்குக் காது குத்துவது எப்படி? மாமன்மார் படமெல்லாம் தாங்காது என்று சொல்லி ரெண்டு பேரையும் விட்டுவிடலாம் என்று அக்கா என்னை நம்பி இருந்திருக்கிறார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். காசு கொடுத்துப் பாவத்தை வாங்கினேனே என்று இருந்தது.

மறுநாள் காலையில் நல்லசாமி மொபெட்டில் வந்து இறங்கினார். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். "புதுசுங்களா? எத்தனை படம் வேணாலும் தாங்குமுங்களா?" என்றார். தாங்குமுங்க என்றேன். பேனரில் தம்பி படம் இருந்துவிடக் கூடாது என்று மிரட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனுஷன் செல்போனை எடுத்துத் தடவித் தடவி ஒரு படத்தை என் முன்னால் வைத்தார். தம்பி குமார், மாலை போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நல்லசாமி என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார்: "இவனையும் எம் பக்கத்துலயே போட்டுருங்க தம்பி, ஆருங் கேட்டா புதுக் கம்ப்யூட்டரு, தானாப் போட்டுக்கிச்சுன்னு சொல்லிப்போடுங்க."

ஆக, டிசைன் வேலைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் போதும். ஊர்ப் பழியைச் சுமக்கத்தான் அவ்வப்போது புதுசு வாங்க வேண்டியிருக்கிறது.