கவிழ்த்து அடுக்கிய ஓடுகள்

ஆமாம், மொராக்கோவுக்கு அவரோடு போனது நான்தான். நினைவுக் கூட்டத்தில் நீங்கள் பார்த்த படத்தில் வசந்தி அக்காவுக்குப் பக்கத்தில், முழங்கை வரை சேறோடு நிற்பதும் நான்தான்.

செய்தி வந்தபோது ஃப்ரீவேயில் இருந்தேன். மில்பிடாஸ் அருகே எதுவும் நகரவில்லை. அவர் கணவர் சேகர் அண்ணா அழைத்தார். "வசந்தி போயிட்டாம்மா. தூக்கத்துலயே." நான் "ஓகே அண்ணா" என்றேன். பிறகு அலுவலகம் போனேன். காலை மீட்டிங்கில் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். எனக்கு அடுத்து வசந்தி அக்காவின் முறை. வசந்தி சேரவில்லையா என்று யாரோ கேட்டார்கள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சான்டா கிளாராவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது அவர் வேலை. தப்பு பெரும்பாலும் என்னுடையது. என் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்வார்: "யாழினி, உன் கோட் எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆயிடுச்சு. எனக்குத்தான் சந்தேகமா இருக்கு." அந்தச் சந்தேகம் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்கு, மண்பாண்டமும் ஓட்டு வேலையும் கற்க, அவரோடு போக வேண்டியவர் சேகர் அண்ணா. மண் பிசைய அவ்வளவு தூரமா என்று கேட்டுவிட்டார். அதனால் நான்.

முதல் நாள் காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரம். கால் ஓடினால் கை நின்றது, கை ஓடினால் கால் நின்றது. வசந்தி அக்காவின் மண் விரிந்து, சரிந்து, தட்டையாகப் படுத்துக்கொண்டது. "கிண்ணத்துல ஆரம்பிச்சு தோசையில முடிச்சிருக்கேன்" என்றார். தமிழ் தெரியாத குயவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் ஓட்டு வேலை. வண்ணம் பூசிச் சுட்ட ஓடுகளைச் சுத்தியலால் கொத்தி, நட்சத்திரமும் இதழுமாக, நிறத்துக்கு ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். அவற்றை வண்ணப் பக்கம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து அடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மண் நிறம். எந்தக் கிண்ணத்திலிருந்து எடுத்தோம் என்பது மட்டும்தான் நினைவில். அடுக்கி முடித்ததும் மேலே சாந்து ஊற்றுவார்கள். காய்ந்து, புரட்டிய பிறகுதான் முகம் தெரியும்.

வசந்தி அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். வரிசை முழுக்க நகர்ந்துவிட்டது. பட்டறைக்காரர் அதைச் சரிசெய்தார். பிறகு அக்காவின் கையை எடுத்து அக்காவின் மடியிலேயே வைத்தார்.

"பாக்காம எப்படி சரின்னு சைன் ஆஃப் பண்றது?" என்று அக்கா என்னிடம் முணுமுணுத்தார்.

இருவருக்கும் ஒரே வடிவம். பெரிய தாம்பாளம் அளவில் பலகைகள், எங்கள் நடுவே பொதுவாகக் கிண்ணங்கள். சாந்து ஊற்றப்போகும்போது அவர் சொன்னார்: "ஒரு பச்சை வர வேண்டிய இடத்துல நீலம் வெச்சுட்டேன். எங்கேன்னு தெரியல."

விட்டுவிடுங்கள் என்றேன்.

"வீட்டுக்கு வரட்டும். கண்டுபிடிச்சுடுவேன்."

காய நாளாகும். எங்களுக்கு ஃப்ளைட் இருந்தது. என் அபார்ட்மென்ட் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அவருடைய இறுதிச் சடங்கெல்லாம் முடிந்த பிறகுதான் ஃபெஸ்ஸிலிருந்து பெட்டி வந்தது. நினைவுக் கூட்டத்தில் படத்தருகே வைக்க வசந்தியின் பலகை வேண்டும் என்றார் சேகர் அண்ணா. எடுத்துப்போக மகள் மீரா வந்தாள். வைக்கோலை விலக்கினோம். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. பின்பக்கம் வெறும் சாந்து. பெயர் இல்லை.

பச்சை வரவேண்டிய இடத்தில் நீலம் இருப்பதுதான் அம்மாவுடையது என்றேன். மீரா மண்டியிட்டு, ஒவ்வொரு இதழாக விரல் வைத்துப் பார்த்தாள். நான் மற்றதைப் பார்த்தேன். பிறகு மாற்றிக்கொண்டோம்.

இரண்டிலும் தப்பு இல்லை.

"ஸோ ஷி வாஸ் ராங்?" என்றாள்.

நான் இரண்டையும் அருகருகே நகர்த்தி வைத்தேன்.

"தென் விச் ஒன் இஸ் அம்மாஸ்?"

"தெரியலம்மா."

அவள் கைக்கு எட்டியதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் கார் கதவைத் திறந்து பிடித்தேன்.

ஃப்ரீமான்ட்டில் நடந்த நினைவுக் கூட்டத்தில், படத்துக்குக் கீழே நீங்கள் பார்த்ததும், சிலர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் அதைத்தான். அது என்னுடையதாக இருக்கலாம். சேகர் அண்ணாவுக்கு மீரா சொல்லிவிட்டாள். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

என்னிடம் இருப்பது மற்றொன்று. அந்த நீலத்தைப் பற்றிய அவருடைய கடைசிச் சந்தேகமும் என்னிடம்தான் இருக்கிறது. அது பொய் என்று இன்னும் என்னால் எழுத முடியவில்லை.

அன்று மீரா போன பிறகு வைக்கோலைக் கூட்டி அள்ளினேன். பலகையை ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்து, முதல் வரிசையிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினேன்.