சுவார்த்தம்மாவின் வலது கை

மூக்கு அரித்தால் சுவார்த்தம்மா தோளைத்தான் உயர்த்துவார். முழங்கைக்கு மேலுள்ள சதையில் மூக்கைத் தேய்த்துவிட்டு, மடியிலிருக்கும் அடுத்த மிளகாயின் காம்பைக் கிள்ளுவார். கண்ணில் நீர் வந்தாலும் அதே தோள்தான். கதவைத் தள்ள முழங்கை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் கம்பியை முழங்கை மடிப்பில் கோத்துக்கொள்வார். பத்து விரல்களும் எப்போதும் உடம்பை விட்டுச் சற்று விலகியே நிற்கும், ஈரச் சாயத்தில் தோய்த்து எடுத்தவை போல.

கொண்டையில் எவர்சில்வர் ஸ்பூன் ஒன்று செருகியிருக்கும். மதியம் அதை உருவி முந்தானையில் துடைத்து, சோற்றையும் கோங்குரா பச்சடியையும் கலந்து சாப்பிடுவார். குண்டூரில் ஸ்பூனால் சோறு சாப்பிடுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் அதை நாகரிகம் என்பார்கள். மற்ற வகையினருக்கு விரல் பட்டால் உதடு எரியும்.

குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஷெட்டில் காம்பு கிள்ளுகிற பெண்கள் எல்லாரும் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரே பேட்டையைச் சேர்ந்தவர்கள். ஏன் அந்தப் பேட்டை மட்டும் என்று கேட்டால், ஷெட்டுக்குச் சொந்தக்காரரான ஷாவுகாரு, "அவங்க கைக்குப் பழகிப்போச்சு" என்பார். எரிச்சல் எந்தத் தோலுக்கும் பழகுவதில்லை. வேறு வேலையே கொடுக்கப்படாத சாதி என்று ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் பழக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

சபையின் போதகர் எரிச்சலுக்கு ஜெபித்த எண்ணெய் தருவார். சுவார்த்தம்மா அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். "ஒரு கைக்கு அவர் எண்ணெய், ஒரு கைக்குக் கடை எண்ணெய் தடவினேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க, மனுஷன் வருத்தப்படுவாரு."

சுவார்த்தம்மாதான் ஷெட்டுப் பெண்களுக்கு மேஸ்திரி. காலையில் பேட்டையிலிருந்து பெண்களைத் திரட்டி வருவதும், மாலையில் எடை போட்டுக் கொடுப்பதும் இவர் வேலை. கூலி கிலோ கணக்கு. மொத்த எடையில் மேஸ்திரிக்குக் கமிஷன். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் தன் குவியலிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் குவியலில் போடுகிற மனசு உண்டு. ஆனால் மதியத்துக்கு முன்னால் யாராவது எழுந்தால் போதும், வலது கை நீண்டு வழி மறிக்கும். குழாய் இருப்பது வாசலில், எடை மேடைக்குப் பக்கத்தில். போய் வரும் நேரத்தில் எடை குறையும்.

"ஏமே, கை கழுவப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?"

அதற்கு மேல் யாரும் நகர்ந்ததில்லை. பெண்களைத் தடுக்க ஷாவுகாரு காவலாள் வைக்க வேண்டியதில்லை. கமிஷன் வைத்தால் போதும்.

விஜயவாடாவிலிருந்து வசுந்தரா என்ற ஆய்வாளர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்த பிறகு. இதற்கு முன்பும் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு பலர் தாள்களோடு வந்து போயிருக்கிறார்கள். "எரியுதா, ஆமாவா இல்லையான்னு கேப்பாங்க. இல்லைன்னு போட்டுக்கோன்னு சொல்லிடுவேன். சீக்கிரம் முடியும்" என்பார் சுவார்த்தம்மா. வசுந்தராவிடம் தாள் இல்லை. ஆளுயர வெள்ளைத் துணியும் வண்ணங்களும் இருந்தன.

"நான் எதுவும் வரையப் போறதில்லம்மா. உங்க உடம்புல எங்கே வலி, எதனால வலின்னு நீங்களே வரையணும். யாருக்குக் காட்டறதுன்னும் நீங்கதான் முடிவு பண்ணணும். ஒருத்தர் வேண்டாம்னாகூட துணி வெளியே போகாது."

முதலில் ஒருவர் துணிமேல் படுக்க வேண்டும், அவரைச் சுற்றிக் கரியால் கோடு போட வேண்டும் என்றதும் பெண்கள் பின்வாங்கினார்கள். பிணம் கிடந்த இடத்தில்தான் போலீஸ் அப்படிக் கோடு போடும், டிவியில் பார்த்திருக்கிறோம் என்றாள் ஒருத்தி.

"கோடு போட்டா உயிர் போயிடுமா? போகுதான்னு பார்த்துடலாம்" என்று சுவார்த்தம்மா படுத்தார். படுத்தபோதும் கைகள் உடம்பில் படவில்லை. வலது கை பக்கவாட்டில் முழுதாக நீண்டு, உள்ளங்கை விரிந்து கிடந்தது. கொண்டை ஸ்பூன் குத்தியது. எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. அதனால் கோட்டிலும் ஸ்பூன் வந்துவிட்டது.

எழுந்து பார்த்தவர், "இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்றார்.

"நாங்க கொஞ்சம் மெலிசாத்தான் போட்டிருக்கோம் பெத்தம்மா" என்றாள் கருணம்மா. கைக்குழந்தைக்காரி, கூட்டத்தில் இளையவள்.

பிறகு எல்லாரும் குனிந்தார்கள். விரல்களுக்குச் சிவப்பு, கண்ணுக்குச் சிவப்பு, இருமலுக்கு மார்பில் கறுப்பு. கருணம்மா மார்புக்கு ஒரு சாண் தள்ளி ஒரு குழந்தையை வரைந்தாள். "வீட்டுக்குப் போனதும் தூக்க முடியாது. குளிச்சு, எண்ணெய் தேச்சு, மறுபடியும் குளிக்கணும். அதுவரைக்கும் அவன் அழுவான். நான் பார்த்துக்கிட்டு நிப்பேன்." சொல்லிவிட்டு நீலத்தை எடுத்து, துணியில் காலியாக இருந்த ஓரத்தில் ஒரு குழாய் வரைந்தாள். நீண்டிருந்த வலது உள்ளங்கைக்கு அப்பால்.

ஒருத்தி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். கொண்டையில் ஸ்பூனோடு ஒரு உருவம். நீட்டிய கை. அந்தக் கைக்குப் பின்னால் குழாய். கடைசியாகப் பார்த்தவர் சுவார்த்தம்மா.

"யாரு வரைஞ்சது?"

"அங்கேதான் இடம் இருந்துச்சு பெத்தம்மா."

"இடம் இருந்துச்சா?"

கருணம்மா தலையைக் குனியவில்லை. "இடமும் இருந்துச்சு. நெசமும் அதுதான்."

"வேண்டாம்னா அழிச்சிடலாம்மா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார் வசுந்தரா. சுவார்த்தம்மா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. துணியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

தொழிலாளர் துறை அதிகாரி ஷெட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று துணியைத் தொங்கவிட்டு, ஷெட்டுக்குள்ளேயே ஒரு குழாயும், கை கழுவ நேரமும் கேட்பது என்று மற்ற பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். செய்தி ஷாவுகாரின் காதுக்குப் போனது.

"துணியில நீதான் வழி மறிச்சுக்கிட்டு நிக்கிறியாமே. தொங்கினா உனக்குத்தான் அசிங்கம்" என்றார் அவர் கரிசனத்தோடு. வாசல்வரை போனவர் திரும்பி, "தொங்குச்சுன்னா நான் வேற மேஸ்திரி பார்த்துக்கறேன்" என்றார். இதில் கரிசனம் இல்லை.

துணி சுவார்த்தம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஒருநாள் கருணம்மா மதியத்துக்கு முன்னால் எழுந்தாள். சுவார்த்தம்மா வாயைத் திறந்தார். அந்தக் கல்யாணக் கேள்வி வெளியே வரவில்லை. தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு காம்பைக் கிள்ளினார்.

அதிகாரி வந்த அன்று ஷாவுகாரு மோர் வரவழைத்திருந்தார். மேஸ்திரியைத்தான் காணவில்லை. பெண்கள் மிளகாயைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவார்த்தம்மா தாமதமாக வந்தார், அக்குளில் துணியோடு. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஒரு முனையை முழங்கையால் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பல்லால் இழுத்து, கயிற்றில் முடிச்சுப் போட்டார்.

அதிகாரி துணியில் இருந்த கையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "கை கழுவ விடறதில்லையா?"

"யாரு சார் தடுத்தா? குழாய் அதோ வாசல்லயே இருக்கு. இவங்களாத்தான் எழுந்து போறதில்ல" என்றார் ஷாவுகாரு.

அதிகாரி பெண்கள் பக்கம் திரும்பினார். "தடுக்கிற மாதிரி ஒரு கை போட்டிருக்கீங்களே. யாரோட கை இது?"

பெண்கள் மிளகாயின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கருணம்மா தன் மடியிலிருந்த மிளகாய்களை எண்ணுகிறவள்போல் குனிந்துகொண்டாள்.

"சும்மா கற்பனை சார். பொம்பளைங்க பொழுதுபோக்கு. அப்படி ஒரு ஆளே இங்கே கிடையாது" என்றார் ஷாவுகாரு.

"ஆள் இருக்கு" என்றார் சுவார்த்தம்மா.

தோளில் மூக்கை ஒரு முறை தேய்த்துக்கொண்டு துணிக்குப் பக்கத்தில் போனார். உடம்பில் எங்கும் படாமல் காத்துவந்த வலது கையை நீட்டி, துணியில் இருந்த கையின் மேல் விரலுக்கு விரலாக வைத்தார். ஐந்தும் பொருந்தின. எடுக்காமல் நின்றார்.