திராட்சை ரசத்துக்குச் சாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை நான் மது அருந்தினேன். அல்லது அருந்தவில்லை. எது என்று இந்த நிமிஷம் வரை தெரியவில்லை.

பதறாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் திராட்சை மதுவை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? கிளாஸைச் சுழற்றுவது, மோந்து பார்ப்பது, நாக்கில் உருட்டுவது... எல்லாம் ஒரு புஸ்தகத்தில் படித்தது. அதைப் பார்த்துவிட்டு, ஆட்டையாம்பட்டிப் பக்கத்திலிருந்து நாச்சிமுத்துக் கவுண்டர் என்பவர் அஸ்தம்பட்டியில் என் வீட்டைத் தேடி வந்துவிட்டார்.

"நீங்க ஒரு வாய் குடிச்சுப் பார்த்துச் சொல்லோணுமுங்க" என்றார்.

விஷயம் இதுதான். நம் சேலம் ஜில்லாவில் 1937 அக்டோபர் முதல் தேதி மதுவிலக்கு வந்தது. வந்ததும் தம் மரங்களில் கள் இறக்குவதை நிறுத்தியவர் இவர். ஊரின் மதுவிலக்குக் கமிட்டிக்குத் தலைவரும் இவரே. தோட்டத்தில் சின்னதாக ஒரு பந்தலில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். இந்தக் கோடையில்தான் முதல் காய்ப்பு. பழம் மிஞ்சிப்போகவே பிழிந்து மூன்று ஜாடிகளில் ஊற்றி வைத்தார் — நோயாளிகளுக்குச் சத்து ரசமாகச் சேலத்தில் விற்கலாம் என்று. நாலைந்து நாளில் ஜாடிகளுக்குள்ளிருந்து சத்தம் வர ஆரம்பித்தது.

ரசம் பொங்குகிறது. அப்படியானால் அது இன்னும் ரசம்தானா? விற்று மாட்டிக்கொண்டால் ஜெயில். கமிட்டித் தலைவர் தோட்டத்திலேயே மது என்றால் ஊரில் தலைகாட்ட முடியாது. வெறும் ரசம் என்றாலோ, முதல் விளைச்சலைக் கொட்ட யாருக்கு மனசு வரும்?

நான் காபிக்கு மேல் எதையும் தொட்டதில்லை என்றேன். அதனால்தான் என் சொல் எடுபடும் என்றார் அவர். பஸ் ஏறினேன். பஸ்ஸை விட்டு இறங்கி மாட்டுவண்டி.

பந்தலடியில் கட்டில் போட்டு, ஒரு ஜாடியைத் திறந்து, பித்தளை டம்ளரில் கொடுத்தார்கள். புஸ்தகத்தில் சொன்னபடி சுழற்றினேன். கால்வாசி வேட்டியில். மிச்சத்தைக் குடித்தேன். முதலில் இனிப்பு. பிறகு புளிப்பு. அதற்கும் பிறகு தொண்டையில் லேசாக ஒரு குத்தல். அந்தக் குத்தல் என்ன? பீப்பாய் செய்யும் ஓக் மரத்தின் மணம் வரும் என்று புஸ்தகத்தில் இருந்தது. ஓக் மரத்தை நான் எங்கே கண்டேன்?

என் முகத்தைப் பார்த்துக் கவுண்டர் தம் பங்காளி குப்பண்ணனுக்கு ஒரு டம்ளர் நீட்டினார். கள்ளுக்கடை இருந்தவரை ஒரு நாள்கூடத் தவறாமல் போனவராம் குப்பண்ணன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நிதானமாக மீசையைத் துடைத்தார்.

"எனக்கென்னங்கண்ணா தெரியும்? நான் எங்க அதையெல்லாம் கண்டேன்?"

"ஏன்டா, கடைய மூடுன அன்னைக்கு அழுதவன் நீ."

"கண்ணுல தூசிங்கண்ணா" என்றபடி குப்பண்ணன் இன்னொரு முறை டம்ளரை நீட்டினார்.

அடுத்த தோட்டத்துக்காரரும் வந்து குடித்தார். அவருக்கும் தெரியவில்லை. யோசித்துப் பாருங்கள்... ஜில்லாவின் இன்றைய நிலைமை இதுதான். ருசி தெரிந்தவன் வாயைத் திறக்க மாட்டான். வாயைத் திறக்கத் தயாராக இருக்கும் என்னைப் போன்றவனுக்கோ ருசி தெரியாது!

கிணற்றோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் கவுண்டரின் மனைவி பாவாயம்மாள்.

"எங்கிட்ட ஏனுங்க ஒருத்தரும் கேக்கல?"

குப்பண்ணன் சிரித்தார். "நீங்க எப்பங்க அண்ணி குடிச்சீங்க?"

"நான் குடிக்கலீங்க கொழுந்தனாரே. பொழுதெறங்குனா ஊட்டுக்குள்ள வருமே ஒரு வாசம், அது எனக்குத் தெரியுமுங்க. இந்த ஆறேழு மாசமாத்தான் அது இல்ல."

கமிட்டித் தலைவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்.

"அதேதானுங்க இது. கொட்டீருங்க" என்றார் அந்த அம்மாள். யாரும் எழவில்லை. அவரே வந்து முதல் ஜாடியைக் கொடியின் வேரில் சாய்த்தார். பிறகு இரண்டாவதை. மூன்றாவது நிறைய இருந்தது, அசையவில்லை. கவுண்டர் எழுந்து போய் ஒரு பக்கம் பிடித்தார்.

பிரச்சினை தீர்ந்தது, சாட்சிக்கும் விடுதலை என்று பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த அம்மாள் பதில் சொன்னபோது நின்றது கிணற்றோரத்தில். காற்று வீசியது அவர் பக்கமிருந்து எங்கள் பக்கம். என் டம்ளரோ கடைசிவரை என் கையில்தான் இருந்தது.

அப்படியானால் அவர் எதை மோந்து பார்த்துச் சொன்னார்?

திரும்பிப் போய்க் கேட்க எனக்குத் தைரியமில்லை. அவருக்கு அந்த ஜாடிகளில் என்ன இருந்தது என்பது ஒரு கேள்வியாகவே இருந்திருக்காது, வெறும் ரசமானாலும் கொட்டத்தான் சொல்லியிருப்பார் என்று மட்டும் தோன்றுகிறது. எனக்குத்தான் அவஸ்தை. எதையும் தேதியோடு குறித்து வைக்கிற பழக்கம் உள்ளவன் நான்.

நான் முதன்முதலாக மது அருந்திய நாள் போன ஞாயிற்றுக்கிழமையா, இல்லை, இன்னும் வரவே இல்லையா?