அந்தக் கூடுதல் அரைமணி நேரம்

இன்று காலை திருநள்ளாறு பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், எண்பதுகளில் காரைக்காலில் நான் வேலை பார்த்த மில்லின் சூப்பர்வைசர்.

அப்போது நான் எங்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பக்கத்து ஊரான பூவம் அணியோடு இறுதிப் போட்டி. அன்றைக்கென்று பார்த்து இவர் எனக்கு ஆறு மணிக்கு ஓவர்டைம் போட்டார்.

"சார், இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க" என்று கெஞ்சினேன்.

"ஒரு நிமிஷம் லேட்டானாலும் நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார்.

ஆறு மணி நெருங்கும்போது ஆட்டம் சமனில் முடிந்தது. இன்னும் அரைமணி நேரம் ஆட வேண்டும் என்றார் நடுவர். கையுறையைக் கழற்றி இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு மில்லுக்கு ஓடினேன். அந்த அரைமணியில் தோற்றோம். கேப்டன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

இதை இன்று அவரிடமே சொன்னேன். சிரித்தார்.

"தெரியுமே! நானும் அங்கதான் நின்னேன். முழு ஆட்டத்தையும் பாத்துட்டுத்தான் லேட்டா மில்லுக்கு வந்தேன். நீங்க நின்னிருந்தா அந்த கோல் விழுந்திருக்காதுங்க."

இத்தனை வருஷம் கழித்தும் வயிறு எரிகிறது. இதைக் கேட்பதற்கு முன்பே அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துத் தொலைத்திருந்தேன்.

நீங்களாக இருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?