எர்ணாவூர் மைதானத்தின் நான்காவது மூலை

கடந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடசென்னையில் இருக்கும் எர்ணாவூர் போனேன். நான் பள்ளியில் வரலாறு எடுப்பவன். அந்த வாரம்தான் பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர். ஜெர்மன் சர்வாதிகாரி கேட்டதையெல்லாம் பிரிட்டனும் பிரான்சும் விட்டுக்கொடுத்த கதையைச் சொன்னதும், "அவங்களுக்கு அறிவே இல்லையா சார்?" என்றாள் ஒரு மாணவி. வகுப்பே சிரித்தது, நானும்தான்.

ஞாயிறன்று என் கல்லூரி நண்பன் ஸ்டீபனின் கால்பந்துக் குழுவுக்கு இறுதிப் போட்டி. அவன் ராயபுரத்துக்காரன், பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் மின்சார ரயில் ஏறி விம்கோ நகரில் இறங்கினேன். டிக்கெட் பத்து ரூபாய், பயணம் சுமார் அரை மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். வழி சொன்னதும் ஆட்டோக்காரர், "லாரி நிக்குமே, அந்த கிரவுண்டா சார்?" என்றார்.

போய்ப் பார்த்தால் அப்படித்தான். மைதானத்தின் ஒரு மூலையில் கன்டெய்னர் லாரி ஒன்று சொந்த வீடு மாதிரி நின்றிருந்தது. முதலில் கோட்டுக்கு வெளியேதான் நின்றதாம். பிறகு கொஞ்சம் உள்ளே வந்தது. சண்டை எதற்கு என்று ஸ்டீபன் குழுவினர் சுண்ணாம்புக் கோட்டைத் தள்ளிப் போட்டார்கள். அது இன்னும் உள்ளே வந்தது, கோடும் பின்வாங்கியது. இப்போது ஆடுகளத்துக்கு மூன்றே மூலை. அந்தப் பக்கம் கார்னர் கிடைத்தால் த்ரோ எறிந்துகொள்ள வேண்டும் என்று தனி விதியே வைத்திருந்தார்கள்!

"பழகிட்ச்சு மாமு," என்றான் ஸ்டீபன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது லாரி ரிவர்ஸில் வந்தது, நேராக கோல் கம்பத்தை நோக்கி. அது அங்கேயே நின்றுவிட்டால் போட்டி இல்லை. போட்டி மட்டுமா, மைதானமே போய்விடும். கோடு போட வந்த லில்லி அக்கா சுண்ணாம்பு வாளியோடு நின்றார். மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

"யக்கா, இன்னொரு பத்தடி உள்ள போட்டுக்கலாம். இன்னா இப்போ?" என்றான் ஸ்டீபன்.

"போட்டு போட்டு இன்னாடா கண்டோம்? அட்த்த வாரம் ரோட்லதான் ஆடணும்."

விறுவிறுவென்று போய்ப் பழைய இடத்திலேயே கோட்டை இழுத்து, லாரிக்குப் பின்னால் அந்தக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ஸ்டீபன் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றான். இரண்டு குழுக்களும் வந்து வரிசை கட்டின.

ஓட்டுநர் இறங்கி வந்தார். "இன்னா யக்கா, பேஜார் பண்றியே?"

"இது கிரவுண்டு நைனா. வண்டிய எடு. அதோ கீதே, அத்தயும் எடு."

அவர் கைப்பேசியை எடுத்துத் தள்ளிப் போய்ப் பேசினார். ஆளைக் கூப்பிடுகிறார் என்றே நினைத்தேன். வந்தவர் ஏறி லாரியை வெளியே எடுத்தார். மற்றதும் அவர் முதலாளியுடையதுதானாம்; திரும்பி வந்து அதையும் எடுத்தார். அப்பாடா!

ஸ்டீபனின் குழு தோற்றது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆட்டம் பார்க்க நின்றுவிட்ட ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டே ஸ்டீபனிடம் சொன்னார்: "ஓனரு மொத நாளே சொன்னாரு மாமு, யார்னா கேட்டா எட்த்துடுன்னு. ஒர்த்தனும் கேக்கல."

1936-ல், படை வைக்கக் கூடாதென ஒப்பந்தம் இருந்த ரைன்லாந்துக்குள் நுழைந்த ஜெர்மன் படைக்கும், பிரான்ஸ் எதிர்த்தால் திரும்பிவிடு என்று உத்தரவு இருந்ததாகப் படித்திருக்கிறேன். எதிர்க்காதவர்கள் அறிவில்லாதவர்கள் இல்லை. ஒரு பெரிய போரில் பிள்ளைகளைப் புதைத்து முடித்தவர்கள், பத்தடி போனால் போகட்டும் என்று நினைத்தார்கள். எல்லா லாரியும் சொன்னவுடன் கிளம்பாது என்பதும் உண்மைதான். ஆனால் தள்ளிப்போட்டால் இரண்டாவது லாரி வரும்.

போக நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், வெயிலும் தூசியும் தாங்காது. எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசை நீளம், ரயிலே மேல். மைதானத்தில் ஏதாவது லாரி நிற்பதைப் பார்த்தால், உள்ளூர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அன்றைக்கே.