சாவு வீட்டுப் படக்காரர்

சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் சென்னியப்பன் பிணத்தைப் பார்ப்பதில்லை. சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். கோவிந்தாபுரத்தைச் சுற்றியுள்ள குடியானவர் வீடுகளில் சன்னல் என்பது பூனை நுழைகிற அளவுக்கு இருந்தால் அதிகம். அதனால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, நெற்றியில் கையை வைத்துச் சூரியனைப் பார்ப்பார். பிறகு அழுதுகொண்டிருக்கிறவர்களில் மூத்தவராகத் தெரிகிற ஒருவரின் காதருகே குனிவார்.

"ஏனுங்க, பெரியவரைச் சித்தெ வாசலுக்குக் கொண்டாந்தறலாமுங்களா? வெயிலு எறங்கிருச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அழுகாச்சி எங்கீங்க போவுது, பொறவு வெச்சுக்கலாமுங்க."

இப்படிச் சொன்னதற்காக இதுவரை எந்த வீட்டிலும் அவரை அடித்ததில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் மறுக்காமல் செய்வார்கள் என்று அவர் கண்டு வைத்திருக்கிறார். நாலு பேர் சேர்ந்து தூக்கிவந்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். சாயாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை. வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சுற்றி ஒரு கட்டு. கட்டு தெரியாமல் இருக்க அதன் மேல் ஒரு தலைப்பாகை. உயிரோடிருந்தவரையில் கோவணமும் துண்டுமாக வயலில் நின்ற மனிதர், அரைமணி நேரத்தில் மணியக்காரர் போல ஆகிவிடுவார்.

பின்னால் தொங்குகிற திரை, பாலக்காட்டில் நாடகக்காரர்களுக்குப் படுதா எழுதுகிற ஒருவரிடம் சொல்லி எழுதி வாங்கியது. அதில் ஒரு மாடி வீடு, பளிங்குப் படிக்கட்டு, பூந்தொட்டிகள், ஒரு குளம், குளத்தில் இரண்டு அன்னங்கள். ஒரு அன்னத்துக்குக் கழுத்து நீண்டுபோய், பாம்பு படமெடுத்தது போல இருக்கும். கோவிந்தாபுரம் வட்டாரத்தில் பளிங்குப் படிக்கட்டுக்கு முன்னால் உட்காருகிற பாக்கியம் செத்தவர்களுக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

அதன் பிறகுதான் சென்னியப்பனின் கைவேலை. மூடிய கண்ணோடு படம் மாட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? இருட்டறையில் கழுவியெடுத்த கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் இமைகளின் மேல் இரண்டு கண்களை வரைந்துவிடுவார். அச்செடுத்துப் பார்த்தால் செத்தவர் விழித்துப் பார்ப்பார். ஒருமுறை சுப்பாத்தாள் என்ற அம்மாளின் புருஷனுக்கு இப்படித்தான் மிக அழகாக இரண்டு கண்களைத் திறந்து கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மாள் படத்தைத் தள்ளி வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்துவிட்டு, "ஆருங்க இவுரு?" என்று கேட்டாள். மனிதருக்கு உயிரோடு இருந்தபோது மாறுகண்ணாம். "அவிய ரெண்டு கண்ணாலயும் ஒரே எடத்தப் பாத்து நானு பாத்ததே இல்லீங்க. மூக்கு முழி திருத்தமா இருக்கற இந்த மனுசன ஊட்டுல மாட்டுனா ஊருல என்னங்க பேசுவாங்க?" சென்னியப்பன் படத்தைத் திரும்பக் கொண்டுபோய், தகட்டில் ஒரு கண்ணைச் சுரண்டிக் கோணலாக்கி மறுபடி அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் அவள் அழுதாள்.

அவர் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. 'மணமக்கள், குழந்தைகள், குடும்பத்தார் ஆகியோரைத் தத்ரூபமாகப் படம் பிடித்துத் தரப்படும்' என்று அதில் எழுதியிருக்கிறது. ஜெர்மன் யுத்தம் முடிந்து ஊருக்குக் கப்பலேறிய நெல்லியாம்பதித் தோட்டத் துரை ஒருவரிடம் படம் பிடிக்கிற பெட்டியையும் முக்காலியையும் வாங்கிய ஜோரில் எழுதி மாட்டிய பலகை அது. மணமக்கள் ஒருவரும் வரவில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று உயிரோடிருப்பவர்கள் பயந்தார்கள். குறைவதற்கு ஆயுசு இல்லாதவர்கள் மட்டும் தாராளமாக வந்தார்கள். நாளடைவில் சாவு வீட்டுப் படக்காரர் என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் உள்ளவனைக் கல்யாண வீட்டில் யார் நுழைய விடுவார்கள்? முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் தெருவில் நடந்தால், சீக்காளி கிடக்கிற வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அதனால் வரப்பு வழியாகவே போய் வருகிறார்.

தன் வீட்டிலும் அவருக்குப் பெரிய மரியாதை இல்லை. மனைவி பூவாத்தாள் கிணற்றடியிலேயே நிறுத்திவிடுவாள். பிள்ளை இல்லாத வீடு அது. அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று கேட்டால் அது பூவாத்தாள் போடுகிற சத்தம்தான். "அங்கியே நில்லுங்க! பொணத்தத் தொட்ட கையோட ஊட்டுக்குள்ளார வந்தறாதீங்க!" இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்த பிறகுதான் மனுஷன் வாசற்படி மிதிக்கலாம். பெட்டியைக் குளிப்பாட்ட முடியாதே என்ற வருத்தம் அவளுக்கு உண்டு. மஞ்சள் தண்ணீரை அதன் மேல் தெளிக்க வந்தவளைத் தடுத்து அவர் ஒருநாள் பட்டினி கிடந்திருக்கிறார்.

கல்யாணமான புதிதில் அவளை ஒரு படம் எடுத்துவிட ஆசைப்பட்டார். அதற்கு அவள் சொன்ன பதிலைத் தெருவே கேட்டது. "நீங்க படம் புடிச்ச மூஞ்சில ஒண்ணாச்சும் உசுரோட இருக்குதுங்களா? ஊருப் பொணமெல்லாம் பத்தாதுன்னு என்னையும் சொவத்துல மாட்டோணுமா?" அதற்கப்புறமும் நல்ல நாள் பெரிய நாளில் அவள் பட்டுச்சேலை உடுத்தினால் அவர் பெட்டி இருக்கிற மூலையைப் பார்ப்பார். அவள் துடைப்பம் இருக்கிற மூலையைப் பார்ப்பாள். விஷயம் அதோடு முடிந்துபோகும்.

இப்படி இருந்தவரை வைத்தியராக்கிய புண்ணியவான் பொங்கியண்ணன். காரியத்தை முன்கூட்டியே யோசிக்கிற குடியானவர். அவருடைய தகப்பனார் நஞ்சப்பக் கவுண்டர் பொங்கலிலிருந்து படுக்கையில் கிடந்தார். இன்றைக்கோ நாளைக்கோ என்று வைத்தியர்கள் கைவிட்டிருந்தார்கள். ஆனி பிறந்ததும் பொங்கியண்ணனுக்குக் கவலை வந்துவிட்டது. சென்னியப்பனைத் தேடி வந்தார்.

"ஆடி மழ புடிச்சுக்கிச்சுன்னா வெயிலே கெடைக்காதுங்களே. அப்பன் அந்த நேரம் பாத்துப் போய்ச் சேந்துட்டா என்னங்க பண்றது? இப்பவே ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாமுங்க. கண்ணும் தொறந்தாப்பல இருக்கும்."

சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. உயிருள்ள முகம்! புதுத் தகடு போட்டுக்கொண்டு போனார். கட்டிலின் கால்மாட்டில் முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு குனிந்தார். நஞ்சப்பக் கவுண்டர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஆர்றா அது, முக்காடு போட்டுட்டு நிக்கறது?"

கவுண்டருக்கே விளங்கிவிட்டது. "பொங்கியா! அப்பன் சாகறதுக்கு முந்தியே ஆணி அடிச்சுட்டியாடா? படத்த மாட்டிப்போட்டுக் காட்டப் பங்கு போடலாம்னு பாக்கறீங்களாடா?" எழுந்து உட்கார்ந்தார். கைத்தடியை எடுத்து வீசினார். அது முக்காலியின் ஒரு காலில் பட்டுத் தெறித்தது. சென்னியப்பன் பெட்டியைக் குழந்தை போல அணைத்துக்கொண்டு வெளியே ஓடினார். அன்று மத்தியானம் கவுண்டர் களியும் கீரையும் கேட்டு வாங்கித் தின்றார். அந்த வாரமே மடை பார்க்கக் காட்டுக்குப் போனவர், இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறார்.

ஊர் இதற்கு அர்த்தம் கண்டுபிடித்தது. சென்னியப்பனின் பெட்டியை எமன் முன்னால் நிறுத்தினால், இங்கே நம் வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவன் போய்விடுகிறானாம். கொல்லங்கோட்டிலிருந்தும் முதலமடையிலிருந்தும் வண்டி வரத் தொடங்கியது. ஜில்லா எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனைமலையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

"படமெல்லாம் வேண்டாமுங்க. பெட்டிய மட்டும் கொண்டாந்து கட்டலுக்கு முன்னால நிறுத்துங்க. போதுமுங்க."

சென்னியப்பனுக்கு இது பெரிய அவமானம். "பிளேட்டு போடாத பெட்டிய நிறுத்தறது மாடு பூட்டாத வண்டில குந்திட்டு ஹை ஹைங்கறாப்பல அல்லீங்களா? நானென்ன பேயோட்டறவனா?" என்று கத்தினார். கத்திவிட்டுப் போனார். நிறுத்தின இடத்தில் பழக்கதோஷத்தில் துணிக்குள் தலையைவிட்டு, சீக்காளியின் முகம் துலக்கமாக விழுகிறதா என்று திருகியும் பார்த்தார். சாதாரணக் காய்ச்சல்காரர்கள் எழுந்தார்கள். அவர்களுடைய பெயரை ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. எழாதவர்களுக்கு அங்கேயே ஒரு தகட்டைப் போட்டுப் படம் எடுத்தார். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போன வருஷம்வரை அவரைக் கண்டு கதவைச் சாத்திய பெண்கள் இப்போது குழந்தையைத் தூக்கிவந்து பெட்டியைத் தொட்டுக் கும்பிட வைக்கிறார்கள். சாமான்களை ஏற்றிப்போகிற வண்டிக்காரர் குப்பண்ணனிடம் அவர் சொல்லிச் சலித்துக்கொள்வது இதுதான்: "நல்லாப் படம் புடிச்சப்ப நாயவிடக் கேவலமாப் பாத்தாங்க. இப்ப படமே புடிக்காம நிக்கறேன், கும்புடறாங்க. இதென்ன ஊரப்பா!"

இந்த ஐப்பசியில் பூவாத்தாளுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. வருவதும் விடுவதுமாக அவளை உரித்துப் போட்டது. கொல்லங்கோட்டிலிருந்து வந்த டாக்டர் கசக்கிற கொயினா மருந்து கொடுத்தார். காய்ச்சல் விட்டது. ஆனால் அவள் எழவில்லை. கஞ்சியைக் கொண்டுபோனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் மறுபடி வந்து பார்த்து, "மருந்து இனிமேல் ஒண்ணுமில்லை. அவங்களா எழுந்திரிச்சாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த நாள் தட்ட முடியாத ஒரு சாவு வீட்டு வேலைக்குப் போய்விட்டு வந்தார் சென்னியப்பன். கிணற்றடியில் நின்றார். உள்ளேயிருந்து பூவாத்தாளின் குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தானாகவே இறைத்து ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட அவள் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றார். தரையெல்லாம் தண்ணீர். அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்குக் கண் வரைந்தவர், அன்றைக்குத்தான் சாவுக்குப் பயந்தார்.

குப்பண்ணன் வண்டியை அவிழ்க்காமலே சொன்னார்: "ஊரெல்லாம் நிறுத்தி எழுப்புனீங்க. உங்கூட்டுல ஒருக்கா நிறுத்தறதுக்கென்னங்க?"

"உனக்கும் பைத்தியமா? அதெல்லாம் சும்மாக் கதையப்பா. கவுண்டரு கோவத்துல எந்திரிச்சாரு, அவ்வளவுதான்."

சொல்லும்போதே அவருக்குள் ஏதோ தட்டியது. கோபம்தானே? கோபத்துக்கு இந்த வீட்டில் என்ன பஞ்சம்?

மறுநாள் காலை வெயில் ஏறியதும் கதவை அகலத் திறந்து வைத்தார். முக்காலியை அவள் கட்டிலின் கால்மாட்டிலேயே நிறுத்தினார். அதுவரை அந்த அறைக்குள் அந்தப் பெட்டி நுழைந்ததில்லை. ஊரார் செய்யச் சொன்ன காரியத்தை அவர் முதன்முறையாக நம்பிச் செய்தார். அதற்கும் மேலாக ஒன்று செய்தார். பித்தளைச் சொம்பில் தண்ணீர் நிரப்பி, எடுத்து வீச வாகாக அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். நெற்றியில் பட்டாலும் பரவாயில்லை என்று தீர்மானித்துக்கொண்டு துணிக்குள் தலையை நுழைத்தார்.

பெட்டியின் கண்ணாடியில், எல்லோரையும் போலவே, பூவாத்தாளும் தலைகீழாகத் தெரிந்தாள். கண்ணைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள். கையை ஊன்றி, மெதுவாக, முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். அவள் கை சொம்புக்குப் போனது. அவர் துணிக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் வந்து விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது அவள் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கலைந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினாள். முந்தானையைச் சரியாக இழுத்துவிட்டாள். தாலிக்கொடியை எடுத்து வெளியே தெரியும்படி விட்டுக்கொண்டாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்து, பெட்டியை நேராகப் பார்த்தாள்.

"எடுங்க," என்றாள். "கண்ணு தொறந்திருக்கறப்பவே எடுத்துருங்க."

சென்னியப்பன் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "அப்படி ஆடாம அசையாம ஒக்காராத புள்ள," என்றார். "ஏதாச்சும் வையி. என்னைய வையி. அந்தச் சொம்ப எடுத்து வீசு."

அவள் அசையவில்லை. பார்வையையும் பெட்டியைவிட்டு எடுக்கவில்லை.

அவர் முக்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தார். வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளை அவளைப் போலவே மடியில் வைத்து, மூடியைக் கழற்றிப் படமெடுக்க ஆளில்லாத பெட்டியை அவரும் நேராகப் பார்த்தார்.